வருமுன் போடும் மாத்திரை

எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்கிறது என்பது நாமக்கல் பக்கம் தெரியாதவர் இல்லை. வராதவர் சாப்பிட்டால் வராமலே தடுக்கும் மாத்திரையும் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். “தடுப்பூசி கண்டுபிடிச்சுட்டாங்களா?” என்று திருப்பிக் கேட்பார்கள். தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் தினம் ஒன்று வீதம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் உடலுறவு வழியாகத் தொற்று வருவதைப் பெருமளவு தடுக்கும் மாத்திரைக்கு அமெரிக்கா 2012-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. தொற்று அபாயம் கணிசமாக உள்ள எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. மருத்துவ வட்டாரத்தில் இதை ‘பிரெப்’ என்கிறார்கள்.

இதில் வேடிக்கை, அந்த மாத்திரையின் முக்கியச் சரக்கான டெனோஃபோவிர் நமக்குப் புதிதே இல்லை. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் 300 மில்லிகிராம் டெனோஃபோவிர் இருக்கிறது. கூடவே லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. வார்டில் ஊசி தவறிக் குத்திக்கொண்ட செவிலியருக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுப்பதும் இதே மருந்துகள்தான். ஆக, மருந்து மாவட்டத்துக்கு வந்து பல வருடம் ஆகிறது. நோயாளிக்கு வந்தது, செவிலியருக்கு வந்தது. தொற்று இல்லாத, ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய ஒரு சாதாரணப் பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் அந்த மாத்திரை பிறந்த கதைக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கதை செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்குகிறது. பிராகா நகரத்தில் கரிம வேதியியல், உயிர்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அந்தோனின் ஹோலி. டி.என்.ஏ.வின் உறுப்புகளைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் அவற்றின் வேலையைச் செய்யாத போலிச் சேர்மங்களைத் தயாரிப்பதில் ஆயுளைச் செலவிட்டவர். பெல்ஜியத்தில் லுவென் பல்கலைக்கழகத்தின் ரேகா நிறுவனத்தில் எரிக் டி கிளெர்க் என்ற மருத்துவர் வைரஸ்களை வளர்த்து அவற்றின் மேல் மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஹோலி தயாரிப்பார், டி கிளெர்க் சோதிப்பார். ஐரோப்பா கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடந்த காலத்தில் இப்படி எல்லை தாண்டிச் சரக்குப் போய்க்கொண்டிருந்தது. டெனோஃபோவிர் சேர்ந்த குடும்பத்துச் சேர்மங்கள் பற்றி இருவரும் கூட்டாளிகளோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியது 1986-ல்.

அதே 1986-ல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஒரு ஆய்வு வேலையை ஒப்படைத்தார். சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிர்மலா எடுத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். பிறகு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மருந்தின் வேரும் நோயின் சேதியும் ஒரே வருடத்தில் வந்தன என்றாலும், இரண்டும் சந்தித்துக்கொள்ள நெடுங்காலம் ஆனது.

மருந்து என்ன செய்கிறது? எச்.ஐ.வி. நம் ரத்தத்தின் வெள்ளணுவுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. இழை ஒன்றை நூற்கிறது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு மிச்சத்தைச் சொல்வது சுலபம். நூல் அறுந்தால் முனையோடு முனை பிணைத்துத் தறியை மறுபடி ஓட்டலாம். பிணைக்க முனையே இல்லாத நூல் நடுவில் வந்துவிட்டால்? டெனோஃபோவிர் அப்படிப்பட்ட நூல். வைரஸ் அதை நிஜ உறுப்பு என்று நம்பிக் கோத்துவிடும். அதற்கப்புறம் அடுத்ததைக் கோக்க இடமில்லை. இழை அங்கேயே நின்றுபோகும். இன்னொரு நல்ல குணமும் உண்டு. இந்த மருந்து வெள்ளணுவுக்குள் போய்விட்டால் சில நாட்கள் தங்கும். அதனால் ஒரு வேளை மறந்தால் உடனே காவல் கலைந்துவிடாது.

அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் ஹோலி, டி கிளெர்க் இருவரின் ஆய்வு நிறுவனங்களிடமிருந்து உரிமம் வாங்கியது. சிகிச்சைக்காகத்தான் வாங்கியது. ஆனால் 1995-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் குரங்கு ஆய்வு மையத்தில் சே-சுங் சாய் குழுவினர் வேறு ஒன்றைக் கேட்டுப் பார்த்தார்கள்: வைரஸ் செலுத்துவதற்கு இரண்டு நாள் முன்பே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி.யைக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். சிலவற்றுக்கு முன்பே மருந்து, சிலவற்றுக்குச் செலுத்திய சில மணி நேரத்தில் மருந்து, சிலவற்றுக்கு ஒன்றும் இல்லை. மருந்து பெற்ற ஒரு குரங்குக்கும் தொற்றவில்லை. பெறாதவை எல்லாவற்றுக்கும் தொற்றியது. ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையைத்தான் தடுப்பு மாத்திரையின் பிறந்த நாளாகக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. 2012-ல் கிடைத்த அனுமதியை வேண்டுமானால் பெயர் சூட்டு விழா எனலாம்.

அந்த 1995-ல் நாமக்கல்லில் கௌசல்யா என்ற இருபது வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை உறவுக்காரர், லாரி ஓட்டுநர். கல்யாணமான சில வாரங்களிலேயே தனக்கு எச்.ஐ.வி. என்று கௌசல்யா அறிந்தார். மூலையில் முடங்கவில்லை. தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். 1998-ல் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்காகப் பாசிட்டிவ் விமன்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தோழிகளோடு தொடங்கினார். அவர் கதையில் சியாட்டில் குரங்குகளுக்குக் கிடைத்த அந்த இரண்டு நாள் முன்னெச்சரிக்கை எங்கும் இல்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எந்த அபாயமும் இல்லை, ஆனபிறகு கணவனைத் தவிர யாரும் இல்லை. ஆகவே அவளை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை.

நாமக்கல்லின் கணக்கு லாரியில் தொடங்கும். வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு இங்கே உடல் கட்டுகிறார்கள். கூரையும் கதவும் கண்ணாடியும் இல்லாத சேஸிஸில், பலகை மேல் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு பல நூறு கிலோமீட்டர் ஓட்டி வரும் ஓட்டுநர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் அதற்கு கேபின் ஏறும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை ஏறும். அந்தப் பலகைதான் ஒரு மனிதனுக்கு மாதத்தில் பாதிக்கு மேல் வீடு. தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல்காரர்களுடையது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் ஆழ்துளைக் கிணறு போடப் போனால் ஆட்கள் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சங்ககிரியிலும் லாரி, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லாரி.

லாரிக்காரர்களைக் கெட்டவர்களாகச் சித்தரித்து எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். ஓட்டுவதை விடக் காத்திருப்பதுதான் அவர்கள் தொழிலில் அதிகம் என்பதை எழுதியவர்கள் குறைவு. சுத்திகரிப்பு ஆலை வாசலில் டேங்கர் வரிசை, மண்டியில் இறக்க ஆள் இல்லை, ரிட்டர்ன் லோடு கிடைக்க மூன்று நாள், செக்போஸ்ட்டில் ஒரு ராத்திரி. கையில் படிக்காசு, பேச ஆளில்லை, மொழி தெரியாத ஊர். அந்தக் காத்திருப்பைச் சுற்றித்தான் சாலையோரத்தில் ஒரு சந்தை வளர்ந்தது. அதில் நின்ற பெண்களும் வறுமையோடுதான் நின்றார்கள். தொற்று அவர்களுக்கும் வந்தது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை முதலில் அமைத்தது தமிழ்நாடு. அடுத்த வருடம் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக, அமெரிக்க உதவிப் பணத்தில், ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் வந்தது. டீக்கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும் ஆணுறை வந்தது. பிறகு சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரத்துப் புள்ளிராஜா வந்தார். அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று தமிழ்நாடே கேட்டது. விளம்பரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான வேலை. நாடு முழுக்கப் பேசவைத்தது. ஆனால் புள்ளிராஜாவின் மனைவியைப் பற்றி எந்தச் சுவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியும் கையில் இல்லை. ஆணுறை போடுவது அவன் கையில். இருபத்தைந்து நாள் கழித்து வீடு வந்த கணவனிடம் ‘போட்டுக்கோ’ என்று எந்தப் பெண் சொல்லிவிட முடியும்? சொன்னால் அடுத்த கேள்வி அவளைப் பற்றித்தான் வரும்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் கணக்கேட்டில் பாலியல் தொழிலாளர்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், போதை ஊசி போடுவோர் ஒரு தலைப்பில் வருவார்கள். லாரி ஓட்டுநர்களும் வெளியூர்த் தொழிலாளர்களும் இன்னொரு தலைப்பில். ஓட்டுநரின் மனைவி எஞ்சிய பொதுமக்கள் தலைப்பில், அதாவது அபாயம் குறைந்தவர்கள் வரிசையில். அதே நாக்கோவின் இன்னொரு கணக்கு நாமக்கல்லைப் பாதிப்பு மிகுந்த ‘ஏ’ பிரிவு மாவட்டம் என்றது. அந்தப் பிரிவுக்கு அளவுகோல் என்ன தெரியுமா? பிரசவ முன்பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருப்பது. மாவட்டத்தின் அபாயத்தை அளக்க அவளுடைய ரத்தம்தான் வேண்டியிருந்தது.

எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து இந்த வட்டாரத்துக்கு முதன்முதலில் வந்ததும் கர்ப்பிணிகளின் வழியாகத்தான். உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிராபின் மாத்திரை ஒன்றே ஒன்று. பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு எடைக்கேற்ப ஒரு சொட்டு மருந்து. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்தியா அதை எடுத்துக்கொண்டது. நாமக்கல் மாதிரியான மாவட்டங்களில் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் கர்ப்பிணிப் பரிசோதனை இறங்கியது. இன்று தாய்க்கு வாழ்நாள் முழுக்க மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை, குழந்தைக்கு முதல் வாரங்களில் மருந்து. தொற்றுடன் பிறக்கும் குழந்தை அபூர்வமாகி வருகிறது. பெரிய சாதனை. ஆனாலும் அந்தப் பெண் எந்த நேரத்தில் அரசின் கண்ணில் பட்டாள் என்று பாருங்கள். அவள் பிள்ளைக்கு வராமல் தடுக்க மருந்து இருந்தது. அவளுக்கு வராமல் தடுக்க வேண்டிய வேளை அதற்குள் போய்விட்டிருந்தது.

குரங்கிலிருந்து மனிதருக்கு வருவதற்குள் தடுப்பு மாத்திரை பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001-ல் டெனோஃபோவிர் சிகிச்சை மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தடுப்புக்கான பரிசோதனையைக் கம்போடியாவின் பாலியல் தொழிலாளர்களிடம் நடத்தத் திட்டமிட்டார்கள். ஆய்வால் உடம்பு கெட்டால் நீண்ட கால மருத்துவப் பொறுப்பை யார் ஏற்பது என்று அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது. நியாயமான கேள்வி. பதில் சரியாக வரவில்லை. 2004 ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்திவிட்டார். கேமரூனில் இதேபோன்ற ஆய்வும் அடுத்த வருடம் நின்றது.

முதல் நல்ல சேதி 2010-ல் வந்தது. ஆறு நாடுகளில் 2,499 ஆண்களும் திருநங்கையரும் சேர்ந்த ஐப்ரெக்ஸ் ஆய்வில், டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் கலந்த மாத்திரை தொற்றை 44 சதவீதம் குறைத்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது தடுப்பு 90 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் கென்யாவிலும் உகாண்டாவிலும் 4,747 தம்பதிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை, இல்லாதவருக்கு மாத்திரை. கூட்டு மாத்திரை 75 சதவீதம் தடுத்தது. நாமக்கல் மனைவிக்காகவே செய்ததுபோல ஒரு ஆய்வு இருக்கிறது என்றால் அது இதுதான்.

அதே 2011-ல் இன்னொரு பாதையும் திறந்தது, அதில் நமக்கும் பங்கு உண்டு. தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. அதில் சென்னையும் ஒரு மையம். சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் அதை நடத்தியது. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது என்பது இன்று உறுதியாகிவிட்டது. அப்படியென்றால் மனைவிக்கு எதற்குத் தனி மாத்திரை? கணவன் பரிசோதித்துக்கொண்டு, மாத்திரை தவறாமல் சாப்பிட்டால் தேவையில்லைதான். பரிசோதிக்கவே போகாத கணவனின் மனைவிக்கு அந்த 96 சதவீதத்தால் பயன் இல்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பாடமாகப் படுவது தோற்ற ஆய்வுதான். ஃபெம்-பிரெப் என்ற பெயரில் கென்யா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2,120 பெண்களுக்கு இதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2011-ல் நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிடுகிறோம் என்று 95 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம்தான் மருந்து இருந்தது. பொய் சொன்னார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மாத்திரை வரும் பிளாஸ்டிக் டப்பாவை ஆட்டிப் பாருங்கள். கிலுகிலு என்று சத்தம் போடும். நம்மூர்க் கூட்டுக் குடும்பத்தில் அந்தச் சத்தத்தை எங்கே ஒளிப்பது? அரிசிப் பானைக்குள் வைத்தாலும் மாமியார் எடுப்பார். “என்ன கண்ணு மாத்திரை இது? யாருக்கு?” எச்.ஐ.வி. மருந்தின் பெயர் அதில் எழுதியிருக்கும்போது, எனக்கு நோய் இல்லை, வராமலிருக்கச் சாப்பிடுகிறேன் என்று மருமகள் சொன்னால் நம்புகிற மாமியார் உண்டா? நம்பினால் இன்னும் மோசம்: என் பிள்ளையைச் சந்தேகப்படுகிறாயா என்பார். சிகிச்சையில் இருப்பவர்களே டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, மாத்திரையை வேறு கவருக்கு மாற்றி வைத்துக்கொள்ளும் ஊர் நம்முடையது.

2012 ஜூலை 16-ஆம் தேதி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ட்ருவாடா என்ற அந்தக் கூட்டு மாத்திரையைத் தடுப்புக்காகப் பயன்படுத்த அனுமதித்தது. அன்றைய தினமே பிராகாவில் அந்தோனின் ஹோலி காலமானார்.

இனி விலை. இதில் நம் ஆட்களின் வீரம் கொஞ்சம் இருக்கிறது. 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு மூன்று மருந்துச் சிகிச்சையை 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். அதுவரை பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும் விற்றுக்கொண்டிருந்த சரக்கு. 2005-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மாறியது. பழைய மருந்தைச் சற்று மாற்றிப் புதுசு என்று காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அதில் சேர்ந்தது. டெனோஃபோவிருக்குக் கிலியட் கேட்ட காப்புரிமையை எதிர்த்து, சென்னையில் 1997-ல் தொற்றுள்ளவர்களே சேர்ந்து தொடங்கிய இந்திய வலையமைப்பும் டெல்லி வலையமைப்பும் மனுப் போட்டன. மாத்திரை சாப்பிட்டு உயிரோடிருப்பவர்களே வழக்காடியது இது. 2009-ல் காப்புரிமை அலுவலகம் கிலியட்டின் விண்ணப்பங்களை நிராகரித்தது. ஆப்பிரிக்காவுக்குப் போகும் டெனோஃபோவிரில் பெரும்பங்கு இந்தியக் கம்பெனிகளில், அதிலும் ஹைதராபாத் ஆலைகளில், தயாராவது இந்தப் பின்னணியில்தான். சேலத்தையும் நாமக்கல்லையும் குறுக்கே கடந்து போகும் பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை, இன்றைய 44, நேராக ஹைதராபாத் போகிறது. மருந்து கட்டும் ஊருக்கும் லாரி கட்டும் ஊருக்கும் நடுவே ஒரே ரோடு.

இருந்தும் இந்தியாவில் தடுப்பு மாத்திரை மெதுவாகத்தான் நகர்ந்தது. முதலில் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் கொல்கத்தா சோனாகாச்சியின் தர்பார் அமைப்பும் மைசூருவின் அசோதயா சமிதியும். இரண்டும் பாலியல் தொழிலாளர்களே நடத்துபவை. மைசூருவில் 600-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கடைசிவரை மாத்திரையை விடவில்லை. ஒருவருக்கும் தொற்று வரவில்லை. ஃபெம்-பிரெப் ஆய்வில் தோற்ற அதே மாத்திரை இங்கே எப்படி ஜெயித்தது? மருந்து வருவதற்கு முன்பே மாதக்கணக்கில் அவர்களுக்குள் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். மாத்திரை கொடுத்ததும், சாப்பிட்டாயா என்று கேட்டதும் சக தொழிலாளிகள். ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் டப்பா சத்தம் போட்டால் என்ன? நாக்கோவின் பிரெப் வழிகாட்டி 2022-ல் வந்தது. ஆனால் இன்றுவரை பெரும்பாலும் பெருநகரங்களில், விவரம் தெரிந்தவர்கள் தனியாரிடம் காசு கொடுத்து வாங்கும் மருந்தாகவே இது இருக்கிறது.

டப்பாவுக்கு மாற்று, ஊசி. எட்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் 2021 இறுதியில் வந்தது. அதையும் தூக்கிச் சாப்பிட்டது லெனகபாவிர். வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் புரத உறையைப் பிடித்துக்கொள்ளும் மருந்து அது. உறை நேரத்துக்குத் திறக்காது, புதிதாகவும் சரியாகக் கட்டமையாது. வயிற்றுத் தோலுக்கடியில் இரண்டு ஊசி. முதல் இரண்டு நாள் மட்டும் கூடவே மாத்திரை. அப்புறம் 26 வாரத்துக்கு ஒன்றும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், இந்த ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினசரி ட்ருவாடா மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. 2024 ஜூலையில் மியூனிக் மாநாட்டில் லிண்டா-கெயில் பெக்கர் இதைச் சொன்னபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

2025 ஜூன் 18-ல் லெனகபாவிருக்கு அமெரிக்க அனுமதி. விலை வருடத்துக்கு 28,218 டாலர், நம் காசில் சுமார் இருபத்து நான்கு லட்சம். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதற்கு முன்பே, 2024 அக்டோபரில், 120 நாடுகளுக்கு மலிவாகத் தயாரிக்க ஆறு கம்பெனிகளுக்குக் கிலியட் உரிமம் கொடுத்திருந்தது. அந்த 120-ல் பிரேசிலும் பெருவும் அர்ஜென்டினாவும் மெக்சிகோவும் இல்லை. லெனகபாவிரின் இரண்டாவது பெரிய ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்களில் அந்த நாட்டுக்காரர்களும் உண்டு. கம்போடியப் பெண்கள் கேட்ட கேள்வி வேறு உருவத்தில் மறுபடி வந்து நிற்கிறது. 2025 செப்டம்பரில் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ இரண்டும் சர்வதேச அமைப்புகளின் துணையோடு, 2027 முதல் ஆளுக்கு வருடத்துக்கு 40 டாலருக்குத் தருவோம் என்று அறிவித்தன. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். இதற்கிடையே அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததில் ஆப்பிரிக்காவின் பல மையங்கள் ஆட்டம் கண்டன. நவம்பரில் முதல் ஊசிகள் எஸ்வாடினிக்கும் ஜாம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்தன. உலகத்தில் 2024-ல் மட்டும் புதிதாகத் தொற்றியவர்கள் 13 லட்சம்.

நம் பக்கத்துக்கு இந்த ஊசி எப்படிப் பொருந்தும் என்று யோசித்தால், 26 வாரம் என்பது ஆடிக்கு ஒன்று தைக்கு ஒன்று. வீட்டில் டப்பா கிடையாது, சத்தம் கிடையாது, யாரும் எடுத்துப் படிக்க லேபிள் கிடையாது. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ‘வருமுன் காப்போம்’ முகாம்களை 2021-ல் மறுபடி தொடங்கிவைத்ததே சேலம் மாவட்டத்து வாழப்பாடியில்தான். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். ஆனால் ஊரறியப் பந்தல் போட்ட முகாமில் எந்தப் பெண்ணும் இந்த ஊசிக்கு வரிசையில் நிற்க மாட்டாள். நம்பிக்கை மையத்தின் கதவுக்குள்தான் இது நடக்க முடியும்.

யாருக்கு என்பதில்தான் எனக்கும் சிக்கல். கணவனுக்குத் தொற்று என்று தெரிந்த பெண்ணைக் கண்டுபிடிப்பது எளிது, ஏ.ஆர்.டி. மையத்து அட்டையே சொல்லிவிடும். பரிசோதிக்காத கணவனின் மனைவியை எந்த அட்டையும் சொல்லாது. லாரிக்காரர் மனைவிகள் எல்லோருக்கும் ஊசி என்று அறிவிப்பது மடத்தனம். தொற்று விகிதம் முன்னைவிட வெகுவாக இறங்கிவிட்ட காலத்தில் ஒரு தொழிலையே மறுபடி முத்திரை குத்துவதாகும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நடைமுறை வழி சொல்கிறது: தடுப்பு மருந்து வேண்டும் என்று ஒருவர் தானாகவே வந்து கேட்டால், அவருக்கு அபாயம் இருப்பதற்கான அறிகுறியாக அதையே எடுத்துக்கொள்ளலாம். காரணத்தைத் துருவிக் கேட்க வேண்டியதில்லை. நம்பிக்கை மையத்தில் ‘தொற்று இல்லைம்மா’ என்று முடிவைச் சொல்லி அனுப்பும்போது, ‘இனிமேலும் வராம இருக்க மருந்து இருக்குதுங்க, வேணும்னா எப்ப வேணா வாங்க’ என்று ஆலோசகர் சேர்த்துச் சொல்வதற்கு அரசாணை ஒன்று போதும்.